பதினோராவது செண்டரில் நின்றுபோன கணக்கு

"பத்து செண்டர் மடமடன்னு ஓடுது தம்பி, பதினொண்ணாவதுல போய் அப்படியே கெடக்கு."

குலசேகரத்தில் ரப்பர் பால் வாங்கும் ஒரு வியாபாரியின் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அக்கா, ஒரு நவம்பர் சனிக்கிழமை, பால் சேகரிக்கும் செண்டர்களின் வாரப் பட்டுவாடாவை எங்கள் புரோகிராமில் ஓட்டிக்கொண்டே போனில் இதைச் சொன்னார். "நெட் ஸ்லோவா இருக்கும்க்கா, கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவர் சொன்ன அந்த எண்ணிக்கையிலேயே பாதி விடை இருந்திருக்கிறது. எனக்கு அது உறைக்க மூணு சனிக்கிழமை ஆனது.

நாங்கள் நாகர்கோவிலில் மூன்று பேர் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகம். இது எங்கள் பிழை, எங்கள் கையால் எழுதிய குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி. டேட்டாபேஸுக்கு ஒரு பட்டியலைத் தூக்கிக் கொடுப்பது எவ்வளவு சாதாரண வேலை, அது எத்தனை இடத்தில் காலை வாரும் என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என்ன வேலை, எவ்வளவு தரவு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி தெரிந்தவர்களுக்கு இது பழகின காட்சி. விடியும் முன்னே பால்வெட்டு, சிரட்டையில் சேர்ந்த பாலை வெயில் ஏறுமுன் கேனில் ஊற்றி செண்டருக்குக் கொண்டுவருவது. செண்டரில் எடை போடுவார்கள், ஒரு சின்னக் குப்பியில் மாதிரி எடுப்பார்கள். பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் டிஆர்சி சோதனைக்கு அது போகும். பெரும்பாலும் 30 முதல் 40க்குள் நிற்கும். பால் எத்தனை கிலோ என்பதைவிட அந்த சதவீதம்தான் பைசாவைத் தீர்மானிக்கும் என்பதால் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிஆர்சி.

இந்த வியாபாரிக்குக் குலசேகரம், திருவட்டார், அருமனை, பேச்சிப்பாறை என்று சுற்றுவட்டாரத்தில் 40 செண்டர். பால் கொடுப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை, ஒரு செண்டருக்குச் சராசரி 150 அட்டை. ஐந்து வருடப் பேரேட்டில் சுமார் 42 லட்சம் வரி. உலக அளவில் இது தூசி. ஒரு சாதாரண போஸ்ட்கிரெஸ் (எங்கள் டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வர் கண்ணை மூடிக்கொண்டு சமாளிக்கும் அளவு. அதனால்தான் "தரவு கூடிப்போச்சு" என்ற வழக்கமான சமாதானத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை பட்டுவாடா. ஒவ்வொரு செண்டருக்கும் ஒரு எக்செல் ஷீட் இருக்கும். யாருக்கு இந்த வாரம் பணம் போக வேண்டுமோ அந்த அட்டை எண்களின் பட்டியல். புரோகிராம் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் டேட்டாபேஸில் இரண்டு கேள்வி கேட்கும். இவர்களுக்கு இந்த வாரம் என்ன வரவு, பிடித்தம் என்ன, இது முதலாவது. இவர்களின் இன்றுவரையான மொத்த இருப்பு என்ன, இது இரண்டாவது. அவ்வளவுதான்.

முன்கதை: ஒவ்வொன்றாகக் கேட்டதும், கேள்விக்குறிகளை அடுக்கியதும்

பழைய பிஎச்பி புரோகிராமின் முதல் வடிவம் ஒவ்வொரு அட்டைக்கும் தனித்தனியாகக் கேட்டது. சர்வர் மும்பையில், அலுவலகம் குலசேகரத்தில். ஒரு தடவை போய்வர 40 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 அட்டை, இரண்டு கேள்வி, 12 செகண்ட். 40 செண்டருக்கு 8 நிமிடம். டேட்டாபேஸ் பாவம், பெரும்பாலான நேரம் சும்மா இருந்திருக்கும். நேரம் போனது முழுக்க கம்பியில்.

அடுத்து யாரோ அதை, பட்டியல் முழுவதையும் ஒரே குவெரியில் கேட்கும் 'இன்' வைத்து மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு எண்ணும் போய் உட்கார ஒரு கேள்விக்குறி. 150 எண்ணுக்கு 150 கேள்விக்குறி, 151க்கு 151. இது வேலை செய்யும், ஆனால் டேட்டாபேஸின் கண்ணில் ஒவ்வொரு நீளமும் ஒரு புதுக் குவெரி. முன்பே தயார்செய்து வைத்த குவெரியைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. எந்தக் குவெரி நேரம் தின்கிறது என்று பார்க்க 'பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸ்' திறந்தால் ஒரே குவெரி நூறு வேஷத்தில் நிற்கும், ஒவ்வொன்றின் பேரிலும் கொஞ்சம் கொஞ்சம் நேரம். போஸ்ட்கிரெஸ் 18இல்தான் இப்படிப்பட்ட பட்டியல்களை ஒன்றாகச் சுருக்கிக் காட்டும் வசதி வந்தது.

ஏப்ரலில் வருடக் கணக்கு எடுக்கும்போது இன்னொரு சுவர். அங்கே அட்டை எண் அல்ல, சீட்டு எண்களையே பட்டியலாக அனுப்பியிருந்தார்கள். போஸ்ட்கிரெஸுடன் பேசும் நெறிமுறையில் அளவுருக்களின், அதாவது கேள்விக்குறிகளின் இடத்தில் போகும் மதிப்புகளின், எண்ணிக்கையைச் சொல்ல ஒதுக்கியிருப்பது இரண்டு பைட். 65,535க்கு மேல் ஒரு கேள்விக்குறி கூடக் கூடாது. மெதுவாகவாவது ஓடும் என்று பார்த்தால் ஒரேயடியாகப் பிழை கொடுத்து நின்றது. (மற்ற டேட்டாபேஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். எஸ்க்யூஎல் சர்வரில் இந்த எல்லை 2,100. ஆரக்கிளில் நீண்ட காலம் ஒரு 'இன்' பட்டியலுக்குள் 1,000 மதிப்புதான்.)

ஜூனில் நாங்கள் பைத்தானில் புதிதாக எழுதியபோது இதையெல்லாம் தூக்கிவிட்டு 'எனி' போட்டோம். அட்டை எண் இந்த அரேயில் (ஒரே கட்டாக அனுப்பும் பட்டியலில்) உள்ள ஏதாவது ஒன்றுக்குச் சமமா என்று கேட்கும் வடிவம் அது. பள்ளிப் புத்தகம் அரேயை அணி என்கிறது. அலுவலகத்தில் அப்படிச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பத்து எண் இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் அளவுரு ஒன்றே ஒன்று, குவெரியின் வாசகம் மாறுவதே இல்லை. பட்டியல் காலியாக இருந்தாலும் பிரச்சினை இல்லை. 'இன்' என்றால் காலி அடைப்புக்குறி இலக்கணப் பிழை. அதற்காகப் பழைய புரோகிராம் கோடில் பட்டியலின் தலையில் ஒரு பூஜ்யத்தைச் செருகி வைத்திருந்தார்கள்.

'இன்' வேகமா, 'எனி' வேகமா என்று அடிக்கடி சண்டை நடக்கும். மாறிலிகளை நேரடியாக எழுதினால் போஸ்ட்கிரெஸ் உள்ளே 'இன்'னையும் 'எனி'யாகவே மாற்றிக்கொள்கிறது. குவெரியை எந்த வழியில் ஓட்டப்போகிறது என்ற திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளெயின் போட்டுப் பார்த்தால் தெரியும். அந்தச் சண்டையில் பொருள் இல்லை.

எட்டு செண்டரோடு ஆரம்பித்தோம். மழைக்காலம், வெட்டும் குறைவு. எல்லாம் பறந்தது. மழை ஓய்ந்து வெட்டு சூடுபிடித்த பிறகு மீதி செண்டர்களையும் சேர்த்தோம். அப்புறம்தான் அக்காவின் போன்.

என் கையில் வேகம், அக்காவின் கையில் மந்தம்

முதல் சனிக்கிழமையை நெட்டின் மேல் பழிபோட்டுக் கழித்தேன். இரண்டாவது சனிக்கிழமை முதலாளியே கூப்பிட்டார். "பழைய புரோகிராமே தேவலாம் போலிருக்கே" என்றார். பத்து செண்டர் ஒரு செகண்டுக்குள் முடிகிறது, அதற்குமேல் ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு செகண்ட். முப்பது செண்டருக்கு ஐந்தாறு நிமிடம். ஒரு தடவை என்றால் பொறுக்கலாம். டிஆர்சியில் ஒரு திருத்தம் வந்தால் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். வெளியே வெட்டுக்காரர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள்.

சர்வரின் பதிவேடான லாகிலிருந்து குவெரியை எடுத்தேன். அட்டை எண்களை அப்படியே உள்ளே ஒட்டி சர்வரில் நேரடியாக ஓட்டினேன். கண் இமைக்குமுன் முடிந்தது. மறுபடி ஓட்டினேன், அதே. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த எண்ணம்: டேட்டாபேஸில் குற்றமில்லை, பைத்தானில்தான் ஏதோ. ஒரு வாரம் அந்தத் திசையில் போனது வீண்.

என் தவறு இது. நான் ஓட்டியது அக்கா ஓட்டிய குவெரியே அல்ல. எண்களை உள்ளே ஒட்டிய கணத்தில் டேட்டாபேஸுக்கு நான் கூடுதலாக இரண்டு விஷயம் சொல்லிவிட்டேன்: பட்டியல் எவ்வளவு நீளம், உள்ளே என்ன இருக்கிறது. புரோகிராம் அனுப்பும்போது அந்த இடத்தில் வெறும் ஒரு அளவுருதான் நிற்கும்.

மூன்றாவது சனிக்கிழமைக்கு முன்பு 'ஆட்டோ எக்ஸ்பிளெயின்' என்ற துணைத்தொகுதியை இயக்கி வைத்தேன். மூன்று செகண்டுக்கு மேல் போகும் எந்தக் குவெரிக்கும் அது உண்மையில் ஓடிய திட்டத்தை லாகில் எழுதிவிடும். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை இதுதான். லாகில் வந்த திட்டத்தில் அட்டை எண்கள் எங்கேயும் இல்லை. அந்த இடத்தில் டாலர் குறியும் ஒன்று என்ற எண்ணும், அதாவது வெறும் அளவுரு. அதைப் பார்த்ததும் அக்கா சொன்ன பத்து என்ற எண் காதில் அடித்தது.

ஐந்தும் ஐந்தும் பத்து

புரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் பேச நாங்கள் பயன்படுத்திய டிரைவர் சைக்கோபிஜி 3. ஒரே இணைப்பில் ஒரே குவெரி ஐந்து தடவை ஓடிவிட்டால், ஆறாவது தடவையிலிருந்து அதை சர்வரில் பிரிப்பேர் செய்து, அதாவது முன்பே தயார்செய்து, வைத்துக்கொள்ளும். நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, இயல்பான அமைப்பே அப்படி. பிரிப்பேர் ஆன குவெரியை போஸ்ட்கிரெஸ் முதல் ஐந்து தடவை, கொடுத்த மதிப்புகளைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திட்டம் போட்டு ஓட்டும். அதற்குப் பிறகு மதிப்பையே பார்க்காத ஒரு பொதுத் திட்டம் போட்டுப் பார்க்கும். அதன் செலவு இதுவரையான சராசரியைவிடக் குறைவு என்று தெரிந்தால், இனி அதுவே போதும் என்று முடிவெடுத்துவிடும். டிரைவரின் ஐந்து, சர்வரின் ஐந்து. பதினோராவது செண்டர்.

பொதுத் திட்டம் என்பது நல்ல யோசனைதான். ஒரு அட்டை எண்ணுக்கு ஒரு வரி எடுக்கும் குவெரிக்கு ஒவ்வொரு தடவையும் திட்டம் போடுவது வீண் செலவு. ஆனால் அளவுரு ஒரு அரே என்றால்? நீளம் தெரியாத அரேயை போஸ்ட்கிரெஸ் எத்தனை உறுப்பு என்று எடுத்துக்கொள்ளும்? பத்து. கணக்கெடுத்து வந்த பத்து இல்லை, உள்ளே எழுதி வைத்திருக்கும் ஒரு ஊகம்.

இதில் ஒரு விஷமம் இருக்கிறது. நாங்கள் அனுப்புவது 150. மதிப்பைப் பார்த்துப் போட்ட திட்டம் 150 அட்டைக்கான செலவை ஒழுங்காகக் கணக்கிடும், திட்டம் போடும் செலவும் அதோடு சேரும். பொதுத் திட்டமோ பத்து அட்டைக்கான செலவைக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது மலிவு? சரியாகக் கணக்குப் போட்டவன் தோற்று, குறைத்துச் சொன்னவன் ஜெயிப்பான். ஒரு தடவை ஜெயித்துவிட்டால் அந்த இணைப்பு மூடும்வரை அவன் ராஜ்யம்தான்.

எங்கள் குவெரியில் "இந்த வாரம்", "இன்னும் பட்டுவாடா ஆகாதது" என்ற இரண்டு நிபந்தனைகள் வேறு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வரிகளைத்தான் குறிக்கும். டேட்டாபேஸுக்கு அது தெரியாது. ஒவ்வொன்றையும் தனித்தனி என்று நினைத்து இரண்டின் விகிதங்களையும் பெருக்கி, வரிகளைக் குறைத்து மதிப்பிடும். பத்து அட்டை என்ற ஊகமும் சேர, வரப்போவது ஒரே ஒரு வரி என்று திட்டத்தில் இருந்தது. வந்தது 850.

ஒரு வரிதானே என்று பிடித்தம் டேபிளை, ஒவ்வொரு வரிக்கும் மறுபடி தேடும் நெஸ்டட் லூப்பில் சேர்த்தது. முன்பணம், உரம், ரப்பர் ஷீட் அடிக்கிறவர்களுக்கு ஆசிட் என்று ஐந்து வருடப் பிடித்தம், 1,20,000 வரி. அந்த டேபிளில் அட்டை எண்ணுக்கு இண்டெக்ஸ், அதாவது சட்டென்று தேட உதவும் அட்டவணை, இல்லை. ஆமாம், நாங்கள்தான் போட மறந்தது. 850 வரியில் ஒவ்வொன்றுக்கும் 1,20,000 வரியை மேய்ந்தால் 10 கோடியே 20 லட்சம் ஒப்பீடு. மதிப்பைப் பார்த்துப் போட்ட திட்டத்தில் இதே சேர்ப்பு ஹாஷ் ஜாயினாக இருந்தது. பிடித்தம் டேபிளை ஒரே ஒரு தடவை படித்து முடித்துவிடும்.

என் கணினியிலேயே இதைத் திரும்ப நடத்திப் பார்த்தேன். பிரிப்பேர் செய்து, எக்ஸ்பிளெயினோடு ஆறு தடவை எக்ஸிக்யூட். ஐந்து தடவை ஹாஷ் ஜாயின், ஆறாவது நெஸ்டட் லூப். கடிகாரம் மாதிரி. அன்றைக்கு ராத்திரி அக்காவுக்குப் போன் செய்து, நீங்கள் சொன்ன பத்துதான் சரி என்று ஒப்புக்கொண்டேன். "நான் அப்பவே சொன்னேன்லா" என்றார்.

இண்டெக்ஸ் போட்டோம். பட்டுவாடா ஓடும் இணைப்பில் மட்டும், எப்போதும் மதிப்பைப் பார்த்தே திட்டம் போடு என்று 'பிளான் கேஷ் மோட்' அமைப்பை மாற்றினோம். இது போஸ்ட்கிரெஸ் 12 முதல் இருக்கிறது. சர்வர் முழுக்க மாற்றவில்லை. சீட்டுப் பதிவு போன்ற சின்னக் குவெரிகளுக்குப் பொதுத் திட்டமே நல்லது. டிரைவரில் பிரிப்பேரையே நிறுத்தினாலும் இதே பலன் கிடைக்கும். இரண்டில் எது என்பது கையில் எது சுலபம் என்பதைப் பொறுத்தது.

காலி செல்

நாலாவது சனிக்கிழமை பதினோராவது செண்டர் தாண்டியது. நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் போன். "பதினேழுல நின்னுது தம்பி. அதுக்கு முன்னால மூணுலயும் நின்னுது. மத்ததெல்லாம் நல்லா ஓடுது."

இந்தத் தடவை அக்காவின் எண்களைக் குறித்துக்கொண்டேன். ஆட்டோ எக்ஸ்பிளெயினும் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டியது முதல் குவெரி அல்ல, மொத்த இருப்பு கேட்கும் இரண்டாவது குவெரி. பேரேடு முழுவதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருந்தது. அட்டை எண்ணுக்கு அங்கே அருமையான இண்டெக்ஸ் இருக்கிறது, தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வடிகட்டும் வரியை இரண்டு தடவை படித்த பிறகுதான் கண்ணில் பட்டது: அட்டை எண்ணின் பக்கத்தில் 'டபுள் பிரிசிஷன்' என்று ஒட்டியிருந்தது. முழு எண்ணாக இருக்கும் காலத்தை (டேபிளின் நெடுவரிசையை), 42 லட்சம் வரியிலும், தசம எண்ணாக மாற்றி மாற்றி ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

ஏன்? மூன்றாவது, பதினேழாவது செண்டர் ஷீட்டில் அட்டை எண் காலத்தின் நடுவில் ஒரு செல் காலி. பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகம் எக்செலைப் படிக்கும்போது, முழு எண் காலத்தில் ஒரு இடம் காலியாக இருந்தாலும் அந்தக் காலம் முழுவதையும் தசம எண்ணாக மாற்றிவிடும். எங்கள் கோடு காலி வரியை ஒழுங்காக நீக்கியது. நீக்கினாலும் மற்ற எண்கள் தசமமாகவே நின்றன. 12045 என்பது 12045.0 ஆகிப் போனது. பிரிண்ட் எடுத்தால் புள்ளிக்குப் பிறகு ஒரு பூஜ்யம், யார் கவனிப்பார்கள். டிரைவர் அதைத் தசம அரேயாக அனுப்பியது. டேட்டாபேஸில் முழு எண்ணையும் தசம எண்ணையும் ஒப்பிட வேண்டுமென்றால், முழு எண்தான் தசமத்துக்கு ஏற வேண்டும். இண்டெக்ஸ் முழு எண்ணுக்குக் கட்டியது. ஆக இண்டெக்ஸ் கிடையாது.

விடை மட்டும் சரியாக வந்தது. இந்த வகைப் பிழையின் கெட்ட குணம் இதுதான்: ஒரு பைசா கூட மாறவில்லை, அதனால் எந்தச் சோதனையும் சத்தம் போடவில்லை.

இன்னொரு அடுக்கும் இருந்தது. சர்வரில் இருந்தது போஸ்ட்கிரெஸ் 13. அதில் 'எனி' வடிகட்டலாக ஓடும்போது பட்டியலை முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடும். பட்டியலில் இல்லாத அட்டைக்கு 150ஐயும் பார்த்த பிறகே இல்லை என்று சொல்லும். 42 லட்சம் வரி, 150 எண். 63 கோடி ஒப்பீட்டுக்கு அருகில். 14ஆம் பதிப்பிலிருந்து பட்டியலில் ஒன்பது அல்லது அதற்கு மேல் மாறிலிகள் இருந்தால் அதை ஹாஷ் டேபிளாக்கித் தேடும். அதுவும் திட்டம் போடும்போதே மதிப்பு தெரிந்தால்தான், பொதுத் திட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. நாங்கள் 14இல் இருந்திருந்தால் இந்தக் குவெரி பாதி வலியோடு ஓடியிருக்கும், அக்கா போன் செய்திருக்க மாட்டார், காலி செல் இன்னும் உள்ளேயே இருந்திருக்கும். பழைய பதிப்புக்கு ஒரு நன்றி சொல்லலாம் போலிருக்கிறது.

திருத்தம் இரண்டு இடத்தில். குவெரியில் அளவுருவின் பின்னால் 'பிக்இண்ட் அரே' (முழு எண்களின் பட்டியல்) என்று வகையை எழுதினோம். இனி யார் என்ன அனுப்பினாலும் மாறுவது பட்டியல்தான், டேபிளின் காலம் அல்ல. ஆனால் அது மட்டும் போதாது. 12045.7 என்று வந்தால் டேட்டாபேஸ் முனகாமல் 12046 ஆக்கிவிடும், அது வேறொருவரின் அட்டை. அதனால் ஷீட்டைப் படிக்கும் இடத்திலேயே முழு எண் இல்லையென்றால் வரி எண்ணோடு திருப்பி அனுப்பும் சோதனை வைத்தோம்.

அந்தக் காலி செல் இன்னொரு இடத்திலும் விளையாடியது. பிரச்சினை உள்ளவர்களைப் பட்டுவாடாவிலிருந்து நிறுத்திவைக்க ஒரு தனி ஷீட் உண்டு. அதை "இந்த அரேயில் எதற்கும் சமமில்லாத அட்டைகள்" என்று கேட்டிருந்தோம், 'ஆல்' போட்டு. ஒரு நாள் அந்தப் பட்டியலில் ஒரு நல், அதாவது மதிப்பே இல்லாத காலி இடம், போய்ச் சேர்ந்தது. நல்லுக்குச் சமமில்லையா என்று கேட்டால் டேட்டாபேஸின் பதில் தெரியாது என்பது. தெரியாதவர்களை அது கொடுக்காது. அந்த ஓட்டத்தில் அந்த செண்டரில் ஒருவருக்குக் கூடச் சீட்டு வரவில்லை. இது சோதனையிலேயே மாட்டியதால் தப்பித்தோம்.

ஜாயின் போடலாம் என்ற யோசனையும் இரட்டைப் பட்டுவாடாவும்

எங்கள் அலுவலகத்தில் இளையவர் ஒருவர், 'எனி'யை விட்டுவிட்டு 'அன்நெஸ்ட்' வைத்து அரேயை டேபிளாக விரித்து ஜாயின் போடலாம் என்றார். நல்ல யோசனை. ஆயிரக்கணக்கில் எண்கள் இருந்தால் டேட்டாபேஸ் ஹாஷ் ஜாயின் தேர்ந்தெடுக்க வழி திறக்கும். ஷீட்டில் உள்ள வரிசையிலேயே சீட்டு அச்சாக வேண்டும் என்றால் 'வித் ஆர்டினாலிட்டி' சேர்த்து வரிசை எண்ணையும் வாங்கலாம். 'எனி' வரிசையைப் பற்றிக் கவலைப்படாது.

போட்டுப் பார்த்தோம். ஒரு செண்டரின் மொத்தம் சில ஆயிரம் ரூபாய் கூடியது. ஷீட்டில் ஒரு அட்டை இரண்டு தடவை இருந்தது. 'எனி' உண்டா இல்லையா என்று மட்டும் கேட்பதால் இரட்டிப்பு அதற்குப் பொருட்டில்லை. ஜாயினில் இரண்டு வரி இரண்டு வரியாகவே சேரும். வேகத்துக்காக எழுத்தை மாற்றும்போது பொருள் மாறிவிட்டதை மொத்தத் தொகை ஒப்பிடும் சோதனைதான் காட்டிக்கொடுத்தது. இரட்டிப்பை நீக்கும் 'டிஸ்டிங்க்ட்' போட்டுச் சரிசெய்தோம்.

வருடக் கணக்குக்கு, லட்சக்கணக்கில் சீட்டு எண்கள் போகும் இடத்தில், அரேயையே விட்டோம். தற்காலிக டேபிளில் 'காப்பி' மூலம் கொட்டி, அதன்மேல் புள்ளிவிவரம் எடுக்கும் 'அனலைஸ்' ஓட்டி, பிறகு ஜாயின். அனலைஸை மறந்தால் மறுபடியும் ஊகத்தில்தான் போய் நிற்கும். வழக்கமாக அதைத் தானாகவே ஓட்டும் ஆட்டோவேக்யூம் தற்காலிக டேபிளைத் தொடாது, நாம்தான் ஓட்ட வேண்டும். வாராந்திரப் பட்டுவாடாவுக்கு இதைச் செய்யவில்லை. 150 எண்ணுக்காக ஒவ்வொரு தடவையும் டேபிள் கட்டி இடிப்பது அதிகம்.

பட்டியல் ஏன் ஊர் சுற்ற வேண்டும்?

எல்லாம் சரியான பிறகு ஒரு நாள் குலசேகரம் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். அந்த எக்செல் ஷீட் எங்கிருந்து வருகிறது என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. எங்கள் புரோகிராமிலிருந்துதான் வருகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் செண்டர் வாரியாக அட்டை எண்களை இறக்கிக்கொள்கிறார். டிஆர்சியில் தகராறு உள்ள இரண்டு மூன்று பேரின் எண்ணை மட்டும் டிலீட் பட்டனில் அழிக்கிறார். வரியை நீக்குவதில்லை, செல்லைக் காலி செய்கிறார். சனிக்கிழமை அதே ஷீட்டைத் திரும்ப ஏற்றுகிறார்.

டேட்டாபேஸில் இருந்த 150 எண்ணை வெளியே எடுத்து, அதில் இரண்டை அழித்து, மும்பைக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். காலி செல்லுக்கும் காரணம் கிடைத்தது. அக்காவின் பிழை இல்லை. இரண்டு பேரை நிறுத்திவைக்க நாங்கள் அவருக்கு வேறு வழி கொடுக்கவே இல்லை.

இப்போது திரையில் ஒவ்வொரு அட்டைக்கும் பக்கத்தில் "நிறுத்து" என்று ஒரு பெட்டி. டிக் அடித்தால் ஒரு டேபிளில் ஒரு வரி. பட்டுவாடாக் குவெரி செண்டர் எண் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை உள்ளேயே ஜாயின் போட்டுப் பார்த்துக்கொள்கிறது. அரே இல்லை, ஷீட் இல்லை. நாலு சனிக்கிழமை மண்டையை உடைத்த குவெரிகள் இரண்டும் இன்று கோடிலேயே கிடையாது. 'எனி' இன்னும் இரண்டு மூன்று இடங்களில் இருக்கிறது, வகை எழுதிய வடிவத்தில், பட்டியல் உண்மையிலேயே வெளியிலிருந்து வரும் இடங்களில். உதாரணமாக வங்கியிலிருந்து திரும்பி வரும், பணம் சேராத கணக்குகளின் கோப்பு.

போஸ்ட்கிரெஸ் 13க்கு ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது. மாற்றியாக வேண்டும். 17இலிருந்து பி-ட்ரீ இண்டெக்ஸில் ஒரு பட்டியலைத் தேடும்போது, பக்கத்துப் பக்கத்தில் உள்ள எண்களுக்காக ஒவ்வொரு தடவையும் மேலிருந்து இறங்கி வராமல் ஒரே நடையில் எடுத்துக்கொள்கிறது. ஒரு செண்டரின் அட்டை எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் எங்களுக்கு அது ஒத்துவரும், ஆனால் 150 எண்ணில் பெரிய மிச்சம் எதிர்பார்க்கவில்லை. மாற்றத்தைப் பிப்ரவரிக்கு வைத்திருக்கிறோம். அப்போது இலை உதிர்ந்து வெட்டு நிற்கும், சனிக்கிழமை அலுவலக வாசலில் ஆள் இருக்காது.